எடை குறைத்த வீரரும் மூன்றாவது ரவுண்டும்: சேலத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில் சேலத்தில் ஒரு குத்துச்சண்டை வீரருக்கு நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். எடையைக் குறைத்துவிட்டு ரிங்கில் ஏறினால் ஆட்டம் பாதிக்குமா என்ற பேச்சு எங்கள் பயிற்சி மையத்தில் பல வருடமாக ஓடுகிறது. "எல்லாம் மனசுதான்" என்பது மாஸ்டர்கள் கட்சி. பாதிக்கும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தோற்றுவிட்டு வந்தவர்கள் என்பதால் அவர்கள் பேச்சு எடுபடுவதில்லை. இந்த முறை ஒரே ஆள், இரண்டு எடைப் பிரிவு, இரண்டு போட்டி என்று அமைந்தது. அதனால் ஓரளவு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. நான் அந்த மையத்துக்குப் பிசியோதெரபிஸ்டாகப் போய்வருபவன். எடை, நாடித்துடிப்புக் குறிப்புகள் நான் எடுத்தவை. சண்டையைப் பற்றிய கணிப்பில் பாதி மாஸ்டருடையது.

வீரருக்கு வயது 19, உயரம் 169 செ.மீ. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை. விடியற்காலையில் பயிற்சி, பகலெல்லாம் நெருப்புக்கு முன்னால், மாலையில் மறுபடி பயிற்சி. சூட்டில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. வியர்வை சீக்கிரம் வரும், நிறையவும் வரும். எடை குறைப்பவர்கள் கண்ணுக்கு இது வரம் மாதிரித் தெரியும்.

அவருடைய இயல்பான எடை 61 கிலோவை ஒட்டி இருக்கும். ஆனால் ஒரு வருடமாக ஆடியது 57 கிலோ பிரிவில், அதாவது எடை 57-ஐத் தாண்டக் கூடாது. காரணம் உடம்பில் இல்லை, பட்டியலில் இருந்தது. 60 கிலோவில் இதே மையத்தின் சீனியர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். 57-இல் இடம் காலியாக இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்க வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் போட்டியில் ஆட வேண்டும், ஆடுவதற்கு இடம் வேண்டும். அந்தச் சீனியரின் இயல்பான எடையோ 64. அவரும் குறைத்துத்தான் 60-க்கு வந்துகொண்டிருந்தார். மேலே இருப்பவர் ஒரு படி இறங்கினால் கீழே இருப்பவரும் இறங்க வேண்டியிருக்கிறது. கடைசியில் எல்லோரும் நாலு கிலோவை இழந்துவிட்டு, அதேபோல நாலு கிலோ இழந்து வந்தவரோடுதான் மோதுகிறார்கள். இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் போட்டி: எடை இறங்கிய விதம்

மே மாதக் கடைசியில் பக்கத்து மாவட்டத்தில் போட்டி. பத்து நாள் முன்னால் எடை 61.2 கிலோ. முதல் ஒரு வாரம் ராத்திரிச் சோற்றை நிறுத்தினார். முட்டை, வெள்ளரிக்காய், மோர் என்று ஓட்டினார். மூன்று நாள் மீதி இருக்கும்போது 59.6. இதுவரை பெரிய தொந்தரவு இல்லை, முகம் கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். உப்பை நிறுத்தினார்கள். மத்தியான வெயிலில் பிளாஸ்டிக் சூட் (வியர்வை வரவைக்கும் காற்றுப் புகாத உடுப்பு) போட்டு ஸ்கிப்பிங். மே மாதச் சேலத்தில் சும்மா நின்றாலே சட்டை நனையும். ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் ஓடவிடலாம் என்று முதலில் பேச்சு இருந்தது. 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சிக்கு வியர்வை வராது, கீழேயே வேலையை முடிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். போட்டிக்கு முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் கிடையாது. "பையன் ராத்திரி பூரா தூங்கலைங்க, வாயைக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சுத் துப்பிட்டே இருந்தானாம்" என்று அவருடைய அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார். லாட்ஜில் கூடத் தங்கிய பையன் ஒருவன் சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த லாட்ஜிலேயே வேறு ஊர்க்காரர் ஒருவர் சிறுநீர் பிரியும் மாத்திரை வைத்திருந்தார். எங்கள் மாஸ்டர் அதைத் தொடவிடவில்லை. ஃபுரோசிமைடு போன்ற அந்த வகை மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருப்பவை, போட்டி நேரம் மட்டுமல்ல, எப்போதுமே. அதோடு பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியே தள்ளி இதயத் துடிப்பையே தடுமாறவைக்கக் கூடியவை. மற்ற விஷயங்களில் மாஸ்டரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. இதில் அவர் செய்தது முழுக்கச் சரி.

காலை ஆறு மணிக்கு 57.3. லாட்ஜ் வராந்தாவில் மறுபடி ஸ்கிப்பிங். நெல்லிக்காயை வாயில் அடக்கி எச்சில் துப்பினார். ஏழரைக்கு 56.9, பாஸ். மொத்தம் 4.3 கிலோ. அதில் 2.7 கிலோ கடைசி மூன்று நாளில் போனது, உடல் எடையில் நாலரை சதவீதம். நீரிழப்பு இரண்டு சதவீதத்தைத் தாண்டினாலே தாக்குப்பிடிக்கும் திறன் குறையத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

ரிங்கில் கண்டது

எடை பார்த்து முடிந்ததும் இரண்டு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பக்கத்து ஓட்டலில் பொங்கல், வடை, மேலே ஒரு பரோட்டா. அரை மணி நேரத்தில் வயிறு உப்பிப் பாதியை வாந்தி எடுத்துவிட்டார். சண்டை பன்னிரண்டரைக்கு. கையுறை கட்டுவதற்கு முன் எடை 58.4. உட்கார்ந்திருக்கும்போது நாடி 84. இதே ஆளுக்குச் சாதாரண நாளில் 58 இருக்கும்.

மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. முதல் ரவுண்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜேப் (முன்கையால் வீசும் நேர்க்குத்து) வேகமாகப் போனது, வலது கை நேராக இறங்கியது. அந்த மூன்று நிமிடத்தை மட்டும் பார்த்தவர் யாரும் இவர் நேற்று மத்தியானத்திலிருந்து இன்று காலை எடை பார்க்கும்வரை தண்ணீர் குடிக்காதவர் என்று சொல்லமாட்டார். இரண்டாவது ரவுண்டு சமம். மூன்றாவதில் கைக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. பின்னால் நகர வேண்டிய இடத்தில் நகரவில்லை, இடது கை தாடைக்குக் கீழே தொங்கியது. எதிராளியின் ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) ஒன்று காதுக்கு மேலே பட்டதும், தொடர முடியுமா என்று பார்க்க ரிங்கில் இருந்த நடுவர் சண்டையை நிறுத்தி எட்டு எண்ணினார். புள்ளி போடும் ஐந்து நடுவர்களில் நால்வர் எதிராளிக்குக் கொடுத்தார்கள், 4-1 தோல்வி. மொபைலில் எடுத்த வீடியோவை வைத்து மாஸ்டரும் நானும் குத்துகளை எண்ணினோம். முதல் ரவுண்டில் வீசியதில் பாதிகூட மூன்றாவதில் வீசவில்லை.

கீழே இறங்கியதும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கூடவே தலைவலி. எனக்குக் கவலை வந்தது இங்கேதான். நீரிழப்பாலும் தலைவலி வரும். தலையில் வாங்கிய அடியால் மூளை அதிர்ந்தாலும் வரும். குமட்டல், தலைசுற்றல், மந்தம் எல்லாமே இரண்டிலும் உண்டு. எது எதனால் என்று அந்த நேரத்தில் பிரிக்க முடியாது. போட்டி மருத்துவர் பார்த்துவிட்டு, மூளை அதிர்ச்சியாகவே வைத்துக்கொண்டு கவனிக்கச் சொன்னார். மாலை வரை சிறுநீர் போகவில்லை. போனபோது கட்டங்காப்பி நிறம். மறுநாள் காலையில் தலைவலி விட்டது. அப்படியும் மூன்று வாரத்துக்கு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கிடையாது என்று நிறுத்தினோம்.

இறங்கிய கிலோ எது

தராசு எல்லாக் கிலோவையும் ஒரே மாதிரிதான் காட்டும். உடம்புக்கு அப்படி இல்லை. பத்து நாளில் கொழுப்பாகக் குறையக்கூடியது கொஞ்சம்தான். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால்கூட வாரத்துக்கு அரைக் கிலோவை எட்டாது. அப்போது மிச்சம் எங்கிருந்து? குடலில் இருந்த உணவு கொஞ்சம். தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கொஞ்சம். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருப்பதால் சோற்றை நிறுத்தினாலே ஒரு கிலோவுக்கு மேல் இறங்கிவிடும். மீதியெல்லாம் தண்ணீர், அதிலும் ஒரு பங்கு ரத்தத்திலிருந்து போகும் தண்ணீர்.

ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்தால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் அளவு குறைகிறது. அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் வேண்டும், வேலை செய்யும் தசைக்கும் வேண்டும், இரண்டுக்கும் போதவில்லை. ஒரே ஒரு குத்தின் பலம் இதில் பெரிதாகக் குறைவதில்லை. திரும்பத் திரும்பக் குத்துவதும், ஒரு நிமிட ஓய்வில் மூச்சைத் திரும்பப் பிடிப்பதும்தான் அடிவாங்குகிறது. "பேட்ல நல்லாத்தானே அடிச்சான்" என்று மாஸ்டர், பயிற்சியில் தான் கையில் பிடிக்கும் மெத்தையை வைத்துச் சொன்னதும் உண்மை, மூன்றாவது ரவுண்டில் அவர் நின்றுவிட்டதும் உண்மை.

எடை பார்த்த பிறகு குடித்துச் சரிசெய்துகொள்ளலாமே என்பார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் வழக்கமாக முந்தைய நாளே எடை பார்த்துவிடுவார்கள், ஒரு முழு நாள் கிடைக்கும். நம் பையன்கள் பார்க்கும் வீடியோவெல்லாம் அவர்களுடையது. இங்கே காலையில் எடை, அதே நாளில் சண்டை. ஐந்து மணி நேரத்தில் இழந்த தண்ணீரில் ஒரு பங்கு திரும்பும். கிளைகோஜன் திரும்ப ஒரு நாளாவது வேண்டும். போதாததற்கு அடுத்த சண்டை நாள் காலையிலும் எடை பார்ப்பார்கள். வயிறாரச் சாப்பிட்டவன் மறுபடி பிளாஸ்டிக் சூட்டுக்குள் போக வேண்டும். ட்ரிப்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவதும் ஊக்கமருந்து விதிப்படி தடை.

முடிவெடுத்த விதம்

ஜூன் கடைசியில் மாஸ்டர், வீரர், அவருடைய அம்மா, நான், நால்வரும் உட்கார்ந்து பேசினோம். மாஸ்டரின் வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. "60-க்குப் போனா எதிர்ல நிக்கறவன் எல்லாம் இவனைவிட நாலு விரல் உயரம் சார். கை நீளம். இவன் உள்ள போறதுக்குள்ள ரெண்டு வாங்கிருவான்" என்றார். மேரி கோமையும் இழுத்தார். 2018-இல் போலந்தில் எடை பார்க்க நாலு மணி நேரம் இருக்கும்போது இரண்டு கிலோ கூடுதலாக இருந்தார், ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் ஆடிக் குறைத்தார், தங்கமும் வாங்கினார். நடந்ததுதான். ஆனால் அவர் அதற்குள் ஐந்து முறை உலகச் சாம்பியன். தன் உடம்பு எங்கே வளையும், எங்கே ஒடியும் என்று பல வருடமாகப் பார்த்து வைத்திருந்தவர்.

கடைசியில் முடிவு செய்தது வாதம் இல்லை, ஒரு கூட்டல் கழித்தல். தோல்மடிப்பைக் காலிப்பரில் அளந்ததில் கொழுப்பு சுமார் 11 சதவீதம் என்று வந்தது. 61.2 கிலோவில் அது 6.7 கிலோ. தண்ணீரைத் தொடாமல், கொழுப்பை மட்டும் கரைத்து 57-க்கு வர 4.2 கிலோ போக வேண்டும். மிச்சம் 2.5 கிலோ, அதாவது நாலரை சதவீதத்துக்கும் கீழே. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் ஆண்களுக்கு ஐந்து சதவீதத்துக்குக் கீழே போக விடுவதில்லை. அந்த விதியும் சும்மா வரவில்லை. 1997 கடைசியில் சில வார இடைவெளியில் மூன்று கல்லூரி வீரர்கள் எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். மூவரும் காற்றுப் புகாத சூட் அணிந்து சூடான இடத்தில் பயிற்சி செய்தவர்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சூட்டையும் நீராவி அறையையும் தடைசெய்து, எடைப் பிரிவை முன்கூட்டியே சோதித்து நிர்ணயிக்கும் முறை அங்கே வந்தது. இந்தக் கணக்கை எழுதிக் காட்டியதும் மாஸ்டர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "சரி, அப்ப தண்ணியைத்தான் எடுக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். 57 வேண்டாம் என்று அவரே சொன்னார்.

60-இல் இருந்த சீனியரை என்ன செய்வது? அவரைக் கேட்டபோது அவர்தான் முதலில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். 63.5-இல் எங்கள் பக்கம் ஆள் இல்லை. அவர் அங்கே போனார்.

எட்டு வாரம்

ஜூலை நடுவில் 61.4 கிலோ. செப்டம்பர் நடுவில் போட்டி. இறக்க வேண்டியது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. பட்டறை முடிந்து வரும்போது தினம் ஒரு தட்டுவடை செட், வாரத்தில் மூன்று நாள் பரோட்டா என்று வழக்கம் இருந்தது. அதை வாரத்துக்கு ஒரு நாள் ஆக்கினோம். மத்தியானச் சோற்றில் கை வைக்கவில்லை. காலையில் கம்பங்கூழ், மாலையில் கொள்ளுச் சுண்டல், இரவில் முட்டையோடு இரண்டு தோசை. தண்ணீர் தாராளமாக. பட்டறையில் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு லிட்டர் கேன் வைத்துக்கொண்டார். வாரம் இரண்டு நாள் ஏற்காடு அடிவாரத்திலிருந்து முதல் சில கொண்டை ஊசி வளைவு வரை ஓட்டம், சூட் எதுவும் இல்லாமல்.

நடுவில் ஆடி வந்தது. கோட்டை மாரியம்மன் பண்டிகையில் வீட்டில் கறிச்சோறு சாப்பிடாதே என்று எந்த அம்மாவிடம் சொல்ல முடியும்? சாப்பிட்டார். அந்த வாரம் எடை 61.6-க்கு ஏறி, அடுத்த வாரம் தானாக இறங்கியது. கையில் எட்டு வாரம் இருந்தால் இப்படி ஒரு வாரத்தைத் தாங்கலாம், பத்து நாள் திட்டத்தில் முடியாது.

அதே ஆடியில்தான் பாரிஸ் செய்தியும் வந்தது. ஆகஸ்ட் 7 காலை வினேஷ் போகாட் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்கு 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். முதல் நாள் எடை சரியாக இருந்தது. மூன்று சண்டை முடிந்து சாப்பிட்டுக் குடித்ததும் வரம்பைவிட 2.7 கிலோ கூடியிருந்தது, இரவு முழுக்க வேர்வை சிந்தியும் அது முழுதாக இறங்கவில்லை. மையத்தில் அன்றைக்கு யாரும் சரியாகப் பயிற்சி செய்யவில்லை. இரண்டாம் நாள் காலை எடையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தது அதற்குப் பிறகுதான் பையன்கள் காதில் ஏறியது.

இரண்டாவது போட்டி

கடைசி இரண்டு நாள் கீரை, கம்பு, சுண்டலை நிறுத்தி வெள்ளைச் சோறும் தயிரும் மட்டும். நார்ச்சத்து குறைந்தால் குடலில் தங்குவது குறையும், தண்ணீரைத் தொடாமலே கொஞ்சம் இறங்கும். முந்தைய இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டார். தூங்கினார். காலை எடை 59.7.

எடை பார்த்ததும் ஓஆர்எஸ் கரைசல், மடக்கு மடக்காக. பிறகு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இட்லி, வாழைப்பழம். எண்ணெய்ப் பண்டம் எதுவும் இல்லை. சண்டைக்கு முன் 60.6, நாடி 64.

முதல் சண்டையில் 4-1 வெற்றி. இரண்டாம் சண்டை நாள் காலையில் 59.9, ஓட வேண்டியிருக்கவில்லை. அது அரையிறுதி. எதிரே மாஸ்டர் பயந்த மாதிரியே உயரமான ஒரு இடதுகைக்காரர். முதல் இரண்டு ரவுண்டில் அவருடைய ஜேப்பைத் தாண்டி உள்ளே போக நம் ஆளால் முடியவில்லை. மூன்றாவது ரவுண்டு மூன்று நடுவர்களின் தாளில் நமக்கு விழுந்தது, ஆனால் மொத்தத்தில் 3-2 தோல்வி. அரையிறுதியில் தோற்றவர்கள் இருவருக்குமே வெண்கலம் உண்டு என்பதால் பதக்கத்தோடு திரும்பினார். வீடியோவில் எண்ணியபோது மூன்றாவது ரவுண்டுக் குத்துகள் முதல் ரவுண்டுக்குக் குறையவில்லை. தலைவலி, கால் இழுப்பு எதுவும் இல்லை.

என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது

57-இல் தோற்றார், 60-இல் பதக்கம் வாங்கினார், ஆகவே எடை குறைத்ததால்தான் தோற்றார் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. எதிராளிகள் வேறு. மே மாத வெக்கை செப்டம்பரில் இல்லை. இடையில் நாலு மாதப் பயிற்சி கூடியிருக்கிறது. உயரமானவர்களிடம் தடுமாறுவார் என்று மாஸ்டர் சொன்னதும் அரையிறுதியில் நடந்தது. 60-க்குப் போனதற்கு அவர் கொடுத்த விலை அது.

சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மே மாதத்தில் நாடித்துடிப்பு, வாந்தி, சிறுநீர், கால் இழுப்பு, மூன்றாவது ரவுண்டுச் சரிவு எல்லாம் ஒரே திசையைக் காட்டின. செப்டம்பரில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. தோல்வியை விடுங்கள், மே மாதத்துத் தலைவலி ஒன்று போதும் நான் பிளாஸ்டிக் சூட்டுக்கு எதிராக இருக்க.

மையத்தில் மாறியது, மாறாதது

பிளாஸ்டிக் சூட் போனது. வாரத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் காலை எடை எழுதுகிறோம். பிரிவை எட்டு வாரம் முன்பே முடிவு செய்வது, கடைசி வாரத்தில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது, 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் எடை குறைக்கவே கூடாது என்று வைத்திருக்கிறோம். வளர்கிற பையனைப் பட்டினி போட்டுத் தராசில் நிறுத்துவதை எந்தப் பதக்கத்துக்காகவும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எட்டு வார விதியைத்தான் பல சமயம் கடைப்பிடிக்க முடியவில்லை. போட்டி அறிவிப்பே இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கைக்கு வருகிறது. அதனால் போட்டி இருக்கிறதோ இல்லையோ, வீரர்கள் தங்கள் பிரிவுக்கு மேலே இரண்டு கிலோவுக்குள் வருடம் முழுக்க இருக்க வேண்டும் என்று மாஸ்டர் இப்போது சொல்கிறார். இதற்கிடையில் 2025-இல் சர்வதேசக் குத்துச்சண்டையை நிர்வகிக்கும் வேர்ல்டு பாக்சிங் அமைப்பு ஆண்களுக்கான பிரிவுகளை 50, 55, 60, 65 என்று ஐந்து கிலோ இடைவெளியில் மாற்றிவிட்டது. இயல்பாகவே 58 கிலோ இருக்கும் பையன் இரண்டு பேர் எங்களிடம் இருக்கிறார்கள். 57 இருந்தவரை அவர்களுக்கு ஒரு கிலோ பிரச்சினை. இனி 55-க்கு இறங்குவதா, 60-இல் பெரியவர்களோடு நிற்பதா என்று ஒவ்வொருவருக்கும் காலிப்பரும் தாளும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒருவருக்கு 60 என்று முடிவாகிவிட்டது. இன்னொருவரின் அப்பா 55-தான் என்று நிற்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம்.